கீலேட் என்பது என்ன? உரப் பொட்டலம் முதல் மாத்திரை அட்டை வரை ஓர் எளிய விளக்கம்

ஹிலிர் பேராக் பக்கத்துத் தோட்டப் பட்டணங்களில் எந்த உரக்கடைக்குள் நுழைந்தாலும் 'கீலேட்' என்று எழுதிய பொட்டலம் ஒன்றாவது கண்ணில் படும். சாதாரணத் துத்தநாக உரத்தைவிட விலை கூடுதல். காரணம் கேட்டால் "மரம் சீக்கிரம் இழுத்துக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதே பட்டணத்துக் கிளினிக்கில் எலிச்சிறுநீர்க் காய்ச்சலுக்கு மாத்திரை தரும்போது "பாலோடு சேர்த்துப் போடாதீங்க" என்பார்கள். ஏன் என்று விளக்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. வாட்ஸ்அப்பிலோ, கீலேஷன் செய்தால் உடம்பிலுள்ள நச்செல்லாம் இறங்கிவிடும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வேதியியல்தான். ஓர் உலோக அயனியைச் சிறிய கரிம மூலக்கூறு ஒன்று பிடித்துக்கொள்கிறது. பிடித்தபின் அந்த உலோகம் கரையுமா, படியுமா, வேருக்குள் போகுமா, குடலைத் தாண்டுமா, சிறுநீரில் வெளியேறுமா என்பதெல்லாம் மாறிவிடுகிறது. பிடிப்பதே நன்மை என்றோ கேடு என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. எது எதைப் பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு புளிப்பில் என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தால்தான் பொட்டலத்தில் எழுதியிருப்பதையும் மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்.

## தண்ணீரில் அயனி தனியாக இருப்பதில்லை

ஆணி, பரங் கத்தி, கம்பி எல்லாம் உலோகம். உலோக அணு சில எலக்ட்ரான்களை இழந்து நேர்மின்னேற்றம் பெற்றால் அதற்கு அயனி என்று பெயர். இரும்பு இரண்டு எலக்ட்ரானை இழந்தால் இரும்பு(II), மூன்றை இழந்தால் இரும்பு(III). துருவில் இருப்பது பெரும்பாலும் இரும்பு(III). செடியின் வேரும் நம் குடலும் உள்ளே எடுப்பது ஆணியை அல்ல, அயனியை.

எலக்ட்ரான் குறைந்த இந்த அயனி தண்ணீருக்குள் இருக்கும்போது, தண்ணீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் பக்கத்தை அதை நோக்கித் திருப்பி நெருங்கி நிற்கின்றன. ஆக்சிஜனில் வேறெதோடும் பகிர்ந்துகொள்ளாத எலக்ட்ரான் இணைகள் உண்டு. அவற்றில் ஒன்றை அயனியோடு பகிர்வதால் பிணைப்பு உண்டாகிறது. இரும்பு, நிக்கல், துத்தநாகம் போன்ற பல அயனிகளைச் சுற்றி இப்படி ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் நிற்கும்: மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும்.

எலக்ட்ரான் இணையைத் தந்து உலோக அயனியோடு சேரும் மூலக்கூறுதான் ஈனி. அயனியும் அதைச் சுற்றிய ஈனிகளும் சேர்ந்த முழுமை அணைவுச் சேர்மம். ஓர் அயனியைச் சுற்றி எத்தனை பிடிப்பு அமைகிறதோ அதுவே அணைவு எண். இந்த அமைப்பை 1893இல் முதலில் தெளிவாக வகுத்தவர் சூரிக் நகரில் பணியாற்றிய ஆல்ஃப்ரட் வெர்னர். அதற்காக 1913இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈனி மாறினால் நிறம் மாறும். மயில்துத்தத்தின் (தாமிர சல்பேட்) நீலம் தாமிரத்தின் நீலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைச் சூடாக்கித் தண்ணீரை முழுவதும் விரட்டிவிட்டால் மிஞ்சுவது வெள்ளைத் தூள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். தாமிரமும் தண்ணீரும் சேர்ந்த அணைவின் நிறம் அது. அந்தக் கரைசலில் அமோனியாவைத் தாராளமாக ஊற்றினால் அடர்ந்த கருநீலமாகும். தண்ணீர் நின்ற இடங்களில் இப்போது அமோனியா நிற்கிறது.

பால்மரத் தோட்டத்தில் வேலை தெரிந்தவர்கள் இதை வேறு வழியில் அறிவார்கள். கெட்டிப்படாமல் இருக்க ரப்பர் பாலில் அமோனியா சேர்க்கிறோம். செறிவூட்டிய பாலில் அது 0.7 விழுக்காடு வரை இருக்கும். அந்தப் பால் பித்தளைக் குழாய் வழியே போனால் அமோனியா பித்தளையிலுள்ள தாமிரத்தைப் பிடித்துக் கரைத்து வெளியே இழுத்துவிடும். ரப்பருக்குத் தாமிரம் பெரும் பகை. கொஞ்சம் இருந்தாலும் ரப்பர் காற்றோடு வினைபுரிந்து சீக்கிரம் பிசுபிசுத்துப்போகும். பன்னாட்டுத் தரம், செறிவூட்டிய பாலின் மொத்தத் திடப்பொருள் ஒரு கிலோவுக்கு 8 மில்லிகிராம் தாமிரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. பால் தொட்டியிலும் வால்விலும் பித்தளை கூடாது என்ற பழைய விதிக்கு இதுதான் காரணம்.

இதுவரை சொன்னது: உலோக அயனி எப்போதும் ஏதோ ஓர் ஈனியின் பிடியில் இருக்கிறது. புதிய ஈனி வந்தால் பழையது விலகி இடம் கொடுக்கிறது. அயனி அழிவதில்லை, அதன் குணம் மாறுகிறது.

## ஆறு கொக்கியும் ஒரே கயிறும்

உர மூட்டை ஏற்றிய லோரி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் ஆறு கொக்கிகள். ஆறு சிறிய கயிறுகளை எடுத்து, ஒவ்வொன்றின் வளையத்தையும் ஒவ்வொரு கொக்கியில் மாட்டுகிறோம். செம்மண் சாலையில் லோரி குலுங்கும்போது ஒரு வளையம் கழன்றால் அந்தக் கயிறு கீழே விழும், பின்னால் போய்விடும், திரும்ப வராது. இப்போது ஆறு வளையம் கொண்ட ஒரே நீளக் கயிற்றை ஆறு கொக்கியிலும் மாட்டுவோம். குலுக்கலில் ஒரு வளையம் கழன்றாலும் மற்ற ஐந்தும் கயிற்றைப் பிடித்திருக்கின்றன. கழன்ற வளையம் கொக்கிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும், அடுத்த குலுக்கலில் மறுபடி மாட்டிக்கொள்ளும். முழுக் கயிறும் விழ வேண்டுமானால் ஆறும் ஒரே நேரத்தில் கழல வேண்டும். அது அரிது.

லோரி உலோக அயனி, கொக்கி அணைவு எண்ணிலுள்ள இடம், கயிறு ஈனி, வளையம் எலக்ட்ரான் தரும் அணு. தண்ணீரும் அமோனியாவும் ஒரு வளையக் கயிறுகள். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஒரே அயனியைப் பிடிக்கும் ஈனிக்குக் கொடுக்கிணைப்பு ஈனி என்று பெயர். அப்படிப் பிடித்து உண்டான அணைவைத்தான் கீலேட் என்கிறோம், அப்படிப் பிடிப்பதைக் கீலேஷன் என்கிறோம். எல்லாக் கீலேட்டும் அணைவுச் சேர்மம்தான். எல்லா அணைவுச் சேர்மமும் கீலேட் ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் குழப்பத்தில் பாதி தொடங்குகிறது.

இந்த வேறுபாட்டின் அளவு வியக்க வைக்கும். நிக்கல் அயனியை ஆறு அமோனியா பிடிக்கலாம், அல்லது எத்திலீன்டைஅமீன் என்ற இரு வளைய மூலக்கூறு மூன்று சேர்ந்து பிடிக்கலாம். இரண்டிலும் பிடிப்பது நைட்ரஜன்தான், இரண்டிலும் ஆறு பிடிப்புதான். ஆனாலும் இரண்டாவது அணைவு ஏறக்குறைய 1,000 கோடி மடங்கு உறுதியானது. பக்கத்திலேயே தொங்கும் வளையம் ஒரு காரணம். மூன்று மூலக்கூறு உள்ளே வந்து ஆறு தண்ணீரை வெளியே விடுவதால் கரைசலில் தாராளமாக உலவும் துகள்கள் கூடுவது இன்னொரு காரணம். இயற்கை அந்தப் பக்கம் சாய்கிறது.

கயிற்றின் நீளமும் பொருந்த வேண்டும். இரண்டு வளையங்களையும் அவற்றுக்கு நடுவே உள்ள அணுக்களையும் உலோகத்தையும் சேர்த்து எண்ணினால் ஐந்து அணு கொண்ட வட்டம் அமைவது பெரும்பாலும் சிறந்த பொருத்தம், ஆறு அணு வட்டமும் நன்றாகவே நிற்கும். நான்கு என்றால் இறுகித் திமிறும். மிக நீளமாக இருந்தால் இரண்டாம் வளையம் வேறெங்கோ போய் மாட்டும்.

உரப் பொட்டலத்தில் காணும் ஈடிடிஏ என்ற மூலக்கூறு ஆறு வளையக் கயிறு. இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் என ஆறு இடத்தில் ஒரே அயனியைப் பிடித்து அதைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். ஒரு மூலக்கூறுக்கு ஓர் அயனி, அதற்கு மேல் இல்லை. இந்தக் கணக்கைக் கீழே உரப் பொட்டலத்தில் பயன்படுத்தப் போகிறோம்.

## பிடிப்பின் இறுக்கத்துக்கு எண் உண்டு

ஓர் ஈனி எல்லா உலோகத்தையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. பிடிப்பின் உறுதியைக் குறிக்கும் எண் நிலைப்பு மாறிலி. அது மிகப் பெரிய எண் என்பதால் அதன் மடக்கையைச் சொல்வது வழக்கம். மடக்கை ஒன்று கூடினால் பிடிப்பு பத்து மடங்கு கூடியது என்று பொருள். ஈடிடிஏ மெக்னீசியத்தைப் பிடிப்பதற்கு 8.7, கால்சியத்துக்கு 10.7, இரும்பு(II)க்கு 14.3, துத்தநாகத்துக்கு 16.5, ஈயத்துக்கு 18, தாமிரத்துக்கு 18.8, இரும்பு(III)க்கு 25.

தாமிரத்துக்கும் கால்சியத்துக்கும் எட்டுப் படி இடைவெளி, அதாவது ஏறக்குறைய 10 கோடி மடங்கு. கால்சியத்தைப் பிடித்திருக்கும் ஈடிடிஏ அருகில் தாமிரம் வந்தால், கால்சியத்தை விட்டுத் தாமிரத்துக்கு மாறும். இதை இடமாற்றம் என்போம். இனி வரும் பெரும்பாலான சங்கதிகளில், நல்லதிலும் கெட்டதிலும், இந்த இடமாற்றம்தான் நடக்கிறது.

## புளிப்பும் போட்டியில் இறங்கும்

ஈனியின் வளையங்களுக்கு உலோகம் மட்டும் போட்டியிடுவதில்லை. அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனியும் அதே எலக்ட்ரான் இணையைத்தான் தேடுகிறது. கரைசல் புளிப்பாக ஆக, அது வளையங்களில் உட்கார்ந்து உலோகத்தைத் தள்ளிவிடும். மறுபக்கம், காரத்தன்மை ஏறினால் ஹைட்ராக்சைடு அயனிகள் பெருகி உலோகத்தைத் தம் பக்கம் இழுத்து, கரையாத படிவாக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கீலேட்டுக்கும் அது நிலைத்து நிற்கும் பிஎச் எல்லை ஒன்று இருக்கிறது. பிஎச் என்பது புளிப்பின் அளவுகோல்: 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்.

கீரையில் புளி ஊற்றிக் கொதிக்கவிட்டால் பச்சை மங்கிப் பழுப்பாவதும் இதனால்தான். இலைப்பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அயனி நான்கு நைட்ரஜன் பிடியில் உட்கார்ந்திருக்கிறது. அமிலம் அதை வெளியேற்றி அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்துவிடுகிறது.

போட்டியைக் கண்ணால் பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். துருப்பிடித்த இரண்டு ஆணிகளை 100 மில்லி வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். வாயு வெளிவரும் என்பதால் மூடியை இறுக்க வேண்டாம். மறுநாள் பால், சீனி இல்லாத தேயிலைச் சாறு தயாரித்து, ஆறவைத்து, வெளிர் நிறமாகும்வரை தண்ணீர் கலந்து இரண்டு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஆணி ஊறிய வினிகரை ஒரு தேக்கரண்டி விடுங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக் கருமையாகும். கருக்கத் தாமதமானால் வினிகரின் புளிப்பு தடுக்கிறது என்று பொருள். இரண்டு குவளையிலும் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். சோடா தேநீரையே சற்று அடர்த்தியாக்கும் என்பதால்தான் ஒப்பிட இரண்டாவது குவளை. கறுத்த குவளையில் எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி விட்டால் கருமை வெளிறும். சாற்றின் புளிப்பு துவர்ப்புப் பொருளின் பிடியைத் தளர்த்துகிறது, அதிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைத் தான் பிடித்துக்கொள்கிறது. பால் கலந்த தேநீரில் இந்தச் சோதனை சரியாக வராது, ஏனெனில் பாலின் புரதம் துவர்ப்புப் பொருளை முன்பே பிடித்துவிடும். சோதனை நீரைக் குடிக்க வேண்டாம்.

குளியலறைத் தரையில் கிணற்றுத் தண்ணீர் விட்ட மஞ்சள் கறைக்கும் இதே வழிதான். குளோரின் ப்ளீச் ஊற்றினால் கறை போகாது. அது இரும்பை இன்னும் இரும்பு(III) ஆக்கி ஒட்டவைத்துவிடும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 30 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி, 20 நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவினால் இரும்பு கரைந்து வரும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: ப்ளீச் ஊற்றிய இடத்தில் அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றதை அன்று தொடவே வேண்டாம்.

சுருக்கமாக: கீலேட்டின் உறுதி அதன் பெயரில் இல்லை. சுற்றிலும் என்ன உலோகம் இருக்கிறது, எவ்வளவு புளிப்பு இருக்கிறது என்பதில் இருக்கிறது.

## உரப் பொட்டலத்தை எப்படிப் படிப்பது

தானா கம்புட் என்று நாம் சொல்லும் கரி மண்ணில் செம்பனை நட்டவர்களுக்குத் தாமிரக் குறைபாடு புதிதல்ல. நடு அடுக்கு மட்டைகள் மஞ்சளாகும். கரி மண்ணில் தாமிரம் இயல்பிலேயே குறைவு, அதோடு அதன் கரிம அமிலங்கள் தாமிரத்தை மிக இறுக்கமாகப் பிடிக்கும். மண்ணே ஒரு பெரிய ஈனி. போட்ட தாமிரத்தில் ஒரு பகுதி வேருக்கு எட்டாமல் அங்கேயே நின்றுவிடும். ஈடிடிஏ தாமிரம் இங்கே உதவக்கூடும், ஏனெனில் அது தாமிரத்தைக் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. இலைப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். கூடுதல் தாமிரம் வேரைக் கெடுக்கும். மயில்துத்தக் கரைசலை இரும்பு வாளியில் கலக்கக் கூடாது. தாமிரம் வாளியில் படிந்து, இரும்பு கரைசலுக்குள் வந்துவிடும். பிளாஸ்டிக் வாளியே சரி.

இப்போது அந்தக் கணக்கு. ஒரு மூலக்கூறுக்கு ஓர் அயனி என்பதால், கீலேட்டில் எவ்வளவு உலோகம் இருக்க முடியும் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. ஈடிடிஏ தாமிரத்தின் சோடிய உப்பில், தண்ணீரே இல்லாவிட்டாலும், தாமிரம் 16 விழுக்காடுதான். துத்தநாகத்துக்கும் அதே அளவு. இரும்புக்கு 15, கடையில் கிடைக்கும் வடிவில் தண்ணீரும் இருப்பதால் பொதுவாக 13. 'முழுவதும் ஈடிடிஏ கீலேட், தாமிரம் 25 விழுக்காடு' என்று ஒரு பொட்டலம் சொன்னால் அந்த இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. 25 என்பது சாதாரண மயில்துத்தத்தின் எண். கீலேட் விலை கொடுக்கும் முன் இந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும்.

அடுத்தது, எந்தக் கீலேட் எந்த மண்ணுக்கு. ஈடிடிஏ இரும்பு பிஎச் 6.5 வரை நன்றாக நிற்கும். அதைப் போன்ற இன்னொரு ஈனியான டிடிபிஏ பிடித்த இரும்பு 7.5 வரை. ஈடிடிஎச்ஏ என்ற செந்நிறத் தூள் 9 வரை தாங்கும், விலையும் மிக அதிகம். அது சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணுக்காக உண்டான பொருள். நம் தோட்டங்களின் மண் பெரும்பாலும் பிஎச் 4க்கும் 5க்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் புளிப்பில் இரும்பு தானாகவே போதிய அளவு கரைகிறது. அங்கே ஈடிடிஎச்ஏ வாங்கிப் போடுவது வீண் செலவு என்று தயங்காமல் சொல்லலாம்.

துத்தநாகக் கீலேட்டையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இரும்பு மிகுந்த புளிப்பு மண்ணில் ஈடிடிஏ துத்தநாகத்தைப் போட்டால், 16.5இல் இருக்கும் துத்தநாகத்தை விட்டு 25இல் இருக்கும் இரும்பு(III)க்கு ஈடிடிஏ மெல்ல மாறிவிடும். கூடுதல் விலை கொடுத்த கீலேட், சில நாளில் வெறும் துத்தநாகமாகவும் தேவையில்லாத இரும்புக் கீலேட்டாகவும் பிரிந்துபோகும். இலைவழித் தெளிப்பிலும் நாற்றுமேடைப் பையிலும் மண்ணின் இந்தப் போட்டி குறைவு, கீலேட்டின் விலைக்கு அங்கே நியாயம் உண்டு. பெரிய மரத்தடியில் மண்ணில் போடுவதற்குச் சாதாரணத் துத்தநாக சல்பேட்டே பெரும்பாலும் போதும்.

## புல் மருந்து ஏன் சில நேரம் வேலை செய்வதில்லை

கிளைபோசேட் ஒரு களைக்கொல்லி என்றே நமக்குத் தெரியும். 1964இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டபோது அது உலோகங்களைப் பிடிக்கும் பொருளாகவே பதிவானது. களையைக் கொல்லும் குணம் 1970இல்தான் தெரியவந்தது. பழைய குணம் இன்னும் அதனிடம் இருக்கிறது. தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், இரும்பு இருந்தால் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த கிளைபோசேட் இலைக்குள் எளிதில் நுழையாது.

ஈப்போவைச் சுற்றிய சுண்ணாம்புக் குன்றுகளின் ஊற்றுநீர் கால்சியத்தால் கடினமானது. கடலோரப் பக்கத்து வாய்க்கால்களில் சிவப்பாகப் படியும் தண்ணீரில் இரும்பு இருக்கும். கலங்கிய தண்ணீர் இன்னும் மோசம், ஏனெனில் களிமண் துகளிலுள்ள இரும்பும் அலுமினியமும் கிளைபோசேட்டைப் பிடித்துத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். மண்ணில் விழுந்த கிளைபோசேட் அடுத்த பயிரின் வேரைப் பெரும்பாலும் தொடாமல் போவதும் இதே பிடியால்தான்.

முடிந்தால் மழைத்தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். கடினநீர்தான் உண்டு என்றால் ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் அமோனியம் சல்பேட் போடலாம். 16 லிட்டர் முதுகுப் பம்புக்கு 160 முதல் 320 கிராம். வரிசை முக்கியம்: முதலில் தண்ணீர், பிறகு அமோனியம் சல்பேட், அது முழுவதும் கரைந்தபின் கிளைபோசேட். சல்பேட் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அமோனியம் கிளைபோசேட்டோடு சேர்ந்து இலைக்குள் போக உதவும். கிளைபோசேட்டை முதலில் ஊற்றிவிட்டால் அது கால்சியத்தை முந்திப் பிடித்துவிடும். கரையாத கட்டி இருந்தால் நாசில் அடைக்கும், அதனால் வடிகட்டி ஊற்றுங்கள். அமோனியம் சல்பேட் இரும்பை அரிக்கும், வேலை முடிந்ததும் பம்பைத் தண்ணீரால் அலசுங்கள்.

ஒரே வேலையாக முடிக்கலாம் என்று கிளைபோசேட்டோடு துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு நுண்ணூட்டத்தையோ தாமிரப் பூஞ்சைமருந்தையோ ஒரே தொட்டியில் கலப்பவர்கள் உண்டு. கலந்தவுடன் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். புல்லும் சாகாது, மருந்துச் செலவும் போச்சு.

## மாத்திரையும் பாலும் தேநீரும்

டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் அடுத்தடுத்த ஆக்சிஜன் அணுக்கள் உலோகத்தைப் பிடிக்க வாகாக அமைந்திருக்கின்றன. பாலின் கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்தின் மெக்னீசியமும் அலுமினியமும், சத்து மாத்திரையின் இரும்பு ஆகியவற்றோடு அது குடலில் கீலேட் ஆகிவிட்டால் இரத்தத்துக்குள் சரியாகப் போகாது. எலிச்சிறுநீர்க் காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளினை உணவும் பாலும் பழைய டெட்ராசைக்ளின் அளவுக்குத் தடுப்பதில்லை. இரும்பு மாத்திரையும் வயிற்றெரிச்சல் மருந்தும் அதையும் தடுக்கும். இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியான சிப்ரோஃப்ளாக்சசினை இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். தைராய்டு மருந்தான லெவோதைராக்சினுக்கும் இவற்றுக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும்.

எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டெட்ராசைக்ளினைத் தவிர்ப்பதற்கும் காரணம் கால்சியம்தான். வளரும் பல்லின் கால்சியத்தை அது பிடித்து, நிலையான மஞ்சள், பழுப்புக் கறையாகத் தங்கிவிடும்.

இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது நம் வீடுகளில் அன்றாடம் நடக்கிறது, கர்ப்பிணிகள்கூட அப்படிச் செய்கிறார்கள். மேலே சொன்ன கறுத்த குவளையே அதற்கு விளக்கம். மாத்திரைக்கும் தே ஓ, தே தாரேக் எதற்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு கரைந்த நிலையில் நிற்கும். மாத்திரையைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். பெரியவர்களின் இரும்பு மாத்திரைகள் சில சிறு குழந்தையின் உயிரையே பறிக்கக் கூடும்.

## 'நச்சு நீக்கும் கீலேஷன்'

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தப் பேச்சில் இருக்கும் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஈயம் உடம்பில் ஏறியது இரத்தப் பரிசோதனையில் உறுதியானால் மருத்துவர் தரும் மருந்துகளில் ஒன்று கால்சியம் ஈடிடிஏ. அதன் பிடியில் முன்பே கால்சியம் இருக்கிறது. ஈயத்தைக் கண்டதும் 10.7இலிருந்து 18க்கு மாறி, கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைச் சிறுநீரில் இழுத்துச் செல்லும். கால்சியம் இல்லாத சோடியம் ஈடிடிஏ வேறு பொருள். அதை நரம்பில் ஏற்றினால் இரத்தத்தின் கால்சியத்தையே பிடித்துவிடும், இதயம் நின்றுபோகலாம். 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் மூவர் இப்படி இறந்ததாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. அவர்களில் இருவர் குழந்தைகள். 'பொதுவான நச்சு' என்று ஓர் உலோகம் கிடையாது. எந்த உலோகம், எவ்வளவு என்று அளக்காமல் உடம்புக்குள் ஈனியை ஏற்றக் கூடாது.

## மூன்று மருந்து, மூன்று வகைக் கயிறு

உண்மையில் உயிர் காக்கும் கீலேஷன் நம் நாட்டு மருத்துவமனைகளில் நாள்தோறும் நடக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை நோயாளிகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி இல்லை. இரும்பு ஈரலிலும் இதயத்திலும் சேரும். அதைப் பிடித்து வெளியேற்றத் தருபவைதான் இந்த மூன்று மருந்தும்.

டெஸ்ஃபெரியாக்சமின் ஒரு மண்வாழ் நுண்ணுயிரிடமிருந்து வந்தது. அது ஆறு வளையக் கயிறு, ஒரு மூலக்கூறு ஓர் இரும்பைப் பிடிக்கும். 1 கிராம் மருந்து அதிகபட்சம் 85 மில்லிகிராம் இரும்பைப் பிடிக்க முடியும். குடல் வழியே சரியாக உள்ளே போகாததாலும் இரத்தத்தில் நெடுநேரம் தங்காததாலும் தோலுக்கடியில் ஊசி வைத்து, சிறிய பம்பு மூலம் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5 முதல் 7 இரவு செலுத்துகிறார்கள். சிறுநீர் செந்நிறமாவது இரும்பு வெளியேறும் அடையாளம். வைட்டமின் சி இரும்பை அசைத்து விடுவிக்கும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் அதைச் சேர்க்கக் கூடாது, அளவு மீறினால் இதயத்துக்குக் கேடு.

டெஃபெராசிராக்ஸ் மூன்று வளையம் கொண்டது, இரண்டு மூலக்கூறு சேர்ந்து ஓர் இரும்பைப் பிடிக்கும். உடம்பில் நெடுநேரம் தங்குவதால் நாளுக்கு ஒரு வேளை. இரும்பு பெரும்பாலும் மலத்தில் போகும்.

டெஃபெரிப்ரோனுக்கு வளையம் இரண்டே. ஓர் இரும்புக்கு மூன்று மூலக்கூறு வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஆறு கொக்கியும் நிறையும். மருந்தின் அளவு இரத்தத்தில் இறங்கினால் அணைவு பிரிந்துவிடும், இரும்பு மறுபடி விடுபடும். உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் மாற்றிவிடவும் செய்கிறது. ஆகவேதான் நாளுக்கு மூன்று வேளை, வேளை தவறாமல். 'ஒரு வேளை விட்டால் என்ன, இரவில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்' என்று நினைக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இந்தக் காரணத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். இந்த மருந்து சிலருக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், மாத்திரையை நிறுத்தி, அன்றே மருத்துவமனைக்குப் போய் இரத்தம் பார்க்க வேண்டும்.